அங்கவஸ்திரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு

அந்தப் பல்கலைக்கழகத்தில் அம்சவேணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளி முதல் பதிவாளர் அறைக்கு டீ கொண்டுபோகிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'லோகோ மேடம்'தான். பல்கலைக்கழகத்தின் பெயரையோ சின்னத்தையோ ஒரு டீக்கோப்பையில் அச்சடிக்க வேண்டுமென்றாலும் அவளைக் கேட்காமல் முடியாது. மாணவர் சங்கம் பனியன் போட வேண்டுமா, பழைய மாணவர்கள் சாவிக்கொத்து செய்ய வேண்டுமா, நிர்வாகக் கட்டடத்தின் மாடியில் கோடியிலிருக்கும் அந்தச் சின்ன அறைக்கு வந்து அம்சவேணியின் எதிரே நிற்க வேண்டும்.

தில்லியில் எத்தனையோ பல்கலைக்கழகங்கள். அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்சவேணி பிறந்தது நெல்லிக்குப்பத்தில். பி.காம். முடித்த கையோடு கலியமூர்த்தியைக் கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்தாள். அவர் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் உதவியாளர். ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பு. அவள் இந்தியைப் புத்தகத்தில் படிக்கவில்லை. காய்கறி வண்டிக்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டாள். பல்கலைக்கழகத் தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள், தேர்வுப் பிரிவு, பண்டகப் பிரிவு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் இந்த அறைக்கு வந்தாள். அப்போது இது ஆளில்லாத பிரிவு. மேலதிகாரியோடு ஒத்துப்போகாதவர்களை அனுப்பி வைக்கும் இடம். அம்சவேணி யாரோடும் சண்டை போட்டவள் இல்லை. மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள், இவளுக்கு மறுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிரிவின் தலைவர் பேராசிரியர் நிகம். சட்டத்துறைக்காரர். பழைய தில்லியில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். சின்னத்தை வணிகச்சின்னமாகப் பதிவு செய்தே தீருவது என்று ஒருநாள் அவர் முடிவெடுத்தார். அதற்குக் காரணம் ஒரு கோழி. பல்கலைக்கழகத்தின் சின்னம், மூன்று அலைகளுக்கு மேலே சிறகு விரித்த ஒரு நீல நிறப் பனங்காடை. வெளியே நடைபாதையில் விற்ற கம்பளிச் சட்டையில் அந்தப் பறவையை யாரோ கோழியாக்கிவிட்டிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு மாணவன் அவர் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

விண்ணப்பம் போட்டது வக்கீல். ஆனால் பதிவு அலுவலகம் ஆட்சேபம் எழுப்பியபோது ஓடியவள் அம்சவேணி. பல்கலைக்கழகத்தின் பெயரில் ஊர்ப் பெயர் வருகிறது, ஊர்ப் பெயர் ஒருவருக்கே சொந்தமாக முடியுமா என்பது கேள்வி. இத்தனை வருஷமாக இந்தப் பெயரும் இந்தப் பறவையும் எங்களைத்தான் குறிக்கின்றன என்று காட்ட வேண்டும். அம்சவேணி பழைய விவரக் குறிப்புப் புத்தகங்களைத் தேடினாள். பட்டமளிப்பு விழாப் புகைப்படங்களைத் தேடினாள். விளையாட்டுத் துறை அலமாரியில் துருப்பிடித்த பதக்கங்களைத் தட்டி எடுத்தாள். எல்லாவற்றிலும் அந்தப் பறவை இருந்தது.

ஆட்சேபம் நீங்கி, சின்னம் அரசின் இதழில் வெளியானது. அதன்பின் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நாட்டில் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புச் சொல்லலாம். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றால் வீடு எப்படி இருக்கும், அப்படி இருந்தது அம்சவேணிக்கு அந்த நான்கு மாதமும். யாரும் எதிர்க்கவில்லை. சான்றிதழ் வந்த அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்து, ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று பக்கத்து அறைக்காரர்கள் வந்து விசாரித்தார்கள்.

பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். அதன் பிறகுதான் ஆரம்பம். சின்னத்தைப் போட்டு எந்தப் பொருளை யார் செய்யலாம் என்று உரிமம் கொடுக்க வேண்டும். உரிமம் கொடுத்தவன், அந்தப் பொருள் தரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் சின்னத்தின் மேல் உள்ள உரிமையே பலவீனமாகும். நிகம் இதைச் சட்டமாகச் சொன்னார். அம்சவேணி அதைத் துணி துவைப்பதாகப் புரிந்துகொண்டாள்.

உரிமம் கேட்டு வருகிறவர்கள் கொடுக்கும் மாதிரித் துணியை அவள் வீட்டுக்கு எடுத்துப் போவாள். ஆர்.கே.புரத்துக் குளியலறையில் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கலியமூர்த்தியின் வெள்ளை பனியனோடு சேர்த்துத் துவைப்பாள். பனியன் வெள்ளையாகவே இருந்தால் மாதிரி தேறியது. கலியமூர்த்திக்கு நீலப் பனியன்களும் ரோஜாப் பனியன்களும் சேர்ந்தது இப்படித்தான். 'அப்பாவோட அல்மாரியைத் தொறந்தா ஹோலி' என்பாள் மகள் கனிமொழி. அவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்து, கல்லூரியில் படிப்பவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

போன வருஷம் பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு அங்கியை விட்டுவிட்டு அங்கவஸ்திரம் போடுவது என்று பல்கலைக்கழகம் தீர்மானித்தது. வெண்பட்டு நிறத் துணி. இரண்டு முனையிலும் பறவைச் சின்னம். அதைச் செய்யும் உரிமத்துக்குப் பெரிய கம்பெனிகளெல்லாம் மாதிரி கொடுத்தன. கலியமூர்த்தியின் பனியனைக் காப்பாற்றியது ஒரே ஒரு மாதிரிதான். உத்தம் நகரில் பள்ளிச் சீருடைகளுக்குப் பேட்ஜ் தைத்துக்கொண்டிருந்த கம்லேஷ் என்ற பெண்ணின் மாதிரி.

கம்லேஷ் ரோத்தக் பக்கத்துக்காரி. கணவன் வீட்டை விட்டுப் போன பிறகு ஒரு எம்பிராய்டரி இயந்திரத்தை வைத்துக்கொண்டு பிழைக்கத் தொடங்கினாள். இப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் அவளிடம் வேலை செய்கிறார்கள். உரத்த குரல், நேரான பார்வை. ஆனால் அம்சவேணி முன்னால் மட்டும் அந்தக் குரல் இறங்கிவிடும். பறவையின் நீலம் ஒரு சாயல் கூடிவிட்டது என்று மாதிரியை இரண்டு முறை திருப்பி அனுப்பியவள் அம்சவேணி. மூன்றாவது முறை வந்த நீலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டியபோது, கம்லேஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

தேறிய மாதிரிக்கு 'சீல் சாம்பிள்' என்று பெயர். ஒரே மாதிரியில் இரண்டு. இரண்டிலும் ஒரு அட்டையைக் கட்டி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைப்பார்கள். ஒன்று அலுவலகத்தில் இருக்கும். மற்றது செய்கிறவரிடம் போகும். அதைப் பார்த்துத்தான் அத்தனையும் செய்ய வேண்டும்.

அந்த இரண்டையும் அம்சவேணி ஒரு வியாழக்கிழமை மாலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடைசியாக ஒருமுறை தையலைப் பார்த்துவிட்டு மறுநாள் முத்திரை வைக்க வேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு, அலமாரித் தட்டில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். கம்லேஷுக்குப் போக வேண்டிய அங்கவஸ்திரம் மடிப்புக் கலையாமல் பக்கத்தில் இருந்தது. புதுத்துணி. வீட்டை விட்டுப் போகப்போகிறது. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் தோளில் ஏறப்போகிற துணிகளில் அதுதான் முதல். மஞ்சளைக் குழைத்து மோதிர விரலால் எடுத்து, அதன் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

யோசித்துச் செய்ததில்லை. கனிமொழியின் பள்ளிச் சீருடையிலிருந்து கலியமூர்த்தியின் தீபாவளி வேட்டி வரை அந்த வீட்டில் எந்தப் புதுத்துணியும் மஞ்சள் படாமல் உடம்பில் ஏறியதில்லை. கண் திறந்து மூடுவது போல அது நடந்துவிட்டது. அலுவலகத்தில் முத்திரை வைக்கும்போது மஞ்சள் காய்ந்து உதிர்ந்திருந்தது. அடியில் லேசான கறை. அவள் கண் தையலைப் பார்த்தது. பறவையைப் பார்த்தது. ஓரத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து கம்லேஷ் தொலைபேசியில் கூப்பிட்டாள். சாம்பிளில் இருப்பதை அப்படியே செய்ய வேண்டுமா என்று இழுத்து இழுத்துக் கேட்டாள். அம்சவேணி அப்போது வேறொரு கோப்பில் மூழ்கியிருந்தாள்.

"கம்லேஷ்ஜி, எத்தனை தடவை சொல்றது? சாம்பிள்ல என்ன இருக்கோ அதுதான். ஒரு இழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"சரி மேடம்ஜி," என்றாள் கம்லேஷ்.

பட்டமளிப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெட்டிகள் வந்து இறங்கின. முதல் பெட்டியை அம்சவேணியே பிரித்தாள். பறவை அப்படியே இருந்தது. அலைகள் அப்படியே இருந்தன. அலைகளின் ஓரத்தில், முனையை ஒட்டி, விரல் நுனி அளவில் ஒரு மஞ்சள் வட்டம். பட்டு நூலில், நெருக்கமாக, கையால் போட்ட வேலை. ஆற்றிலிருந்து சூரியன் எழும்புவது போல இருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முகர்ஜி நகரில் ஒரு கோச்சிங் சென்டர் இதே பறவையைப் போன்ற ஒரு சின்னத்தைப் பதிவு செய்யக் கேட்டிருந்தது. பல்கலைக்கழகம் அதை எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்தது. எங்கள் பறவைக்குப் பக்கத்தில் சூரியன் இருக்கிறது, உங்களுடையதில் இல்லை, அதனால் இரண்டும் வேறு வேறு என்பதே அவர்களுடைய வாதம். இந்த நேரத்தில் பல்கலைக்கழகமே தன் பறவைக்கு ஒரு சூரியனைப் போட்டு, பட்டமளிப்பு விழாவில் ஊரறியக் காட்டினால் எப்படி இருக்கும்?

அம்சவேணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உட்கார்ந்த இடத்திலேயே குறிப்பு எழுதினாள். உரிமம் பெற்றவர் அனுமதியின்றிச் சின்னத்தின் அருகில் புதிய உருவம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார், ஒப்பந்த மீறல், நடவடிக்கை தேவை. அவள் எழுதிய குறிப்புகளிலேயே மிகத் தெளிவான குறிப்பு அது. நிகம் படித்துவிட்டுக் கம்லேஷை உடனே வரச்சொன்னார்.

கம்லேஷ் வந்தாள். பயந்து வரவில்லை. பிளாஸ்டிக் உறையில் தன்னிடமிருந்த சீல் சாம்பிளை எடுத்து வந்திருந்தாள். அதை நிகமின் மேஜையில் விரித்து, ஓரத்தில் விரலை வைத்தாள். இதோ இருக்கிறதே ஸாப், என்றாள். இயந்திரத்துக்குக் கொடுத்த டிசைனில் இந்தப் புள்ளி இல்லையாம். அதனால் பெண்கள் ஒவ்வொன்றிலும் கையால் போட்டார்களாம். இந்த மஞ்சளுக்குச் சரியான நூல் கிடைக்காமல் சதர் பஜார் முழுக்க அலைந்தாளாம். இதற்குத் தனியாகக் கூலி கேட்க வேண்டாம், மேடம் நமக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார் என்று பெண்களிடம் சொல்லிவிட்டாளாம்.

நிகம் குனிந்து பார்த்தார். அம்சவேணியும் குனிந்து பார்த்தாள்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நூலில் போட்ட மஞ்சள் அல்ல, தேய்ந்து மங்கிய மஞ்சள். மோதிர விரலின் அளவு. வாயைத் திறந்தாள். நிகம் அதற்குள் அலுவலகத்துச் சாம்பிளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அது வந்தது. அதில் எந்தக் கறையும் இல்லை. பால் போல வெளுப்பாக இருந்தது.

நிகமின் முகம் மாறியது. முதலில் இது கவனக்குறைவு என்று நினைத்தேன், இப்போது முத்திரை வைத்த மாதிரியிலேயே கை வைத்திருக்கிறார்கள், இது மோசடி, என்றார். வேண்டுமென்றே செய்யவில்லை என்றாலும் சாம்பிளைக் கறைப்படுத்தி, அந்தக் கறையைப் பார்த்துத் தைத்திருக்கிறார்கள், என்றார். உரிமத்தை ரத்து செய்து, இனி பல்கலைக்கழகத்தில் எதற்கும் விண்ணப்பிக்க முடியாதபடி பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட வேண்டும் என்றார். அந்தப் பட்டியல் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வரும். கம்லேஷுக்குச் சீருடை பேட்ஜ் கொடுக்கிற பள்ளிகள் அதைப் பார்க்கும். பார்த்த பிறகு யார் கொடுப்பார்கள்?

கம்லேஷ் அம்சவேணியைத்தான் பார்த்தாள். நீங்கள் சொல்லுங்கள் மேடம்ஜி, என்னிடம் வரும்போதே இப்படித்தானே இருந்தது, என்று கேட்டாள்.

அம்சவேணி பேசவில்லை. ரத்து நோட்டீசை நீங்களே தயார் செய்யுங்கள், அடுத்த வாரம் பதிவாளர் முன்னால் கூட்டம், என்று நிகம் சொன்னபோது அவள் தலை தானாக ஆடியது. கம்லேஷ் சாம்பிளை மடித்து உறையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். மாடிப்படியில் இறங்கும் சத்தம் கடைசிவரை அம்சவேணிக்குக் கேட்டது.

வீட்டில் அவள் அதைச் சொன்னது இரண்டு நாள் கழித்து, காலை டிபனின்போது. கலியமூர்த்தி உப்புமாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வேலைக்காலம் முழுவதையும் கோப்புகளோடு கழித்தவர். ஒரு பெயர் ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் அம்சவேணியின் பதவி உயர்வுக்கான குழு கூடுகிறது. செக்ஷன் ஆபீசர். அவள் பல வருஷமாகக் காத்திருந்தது.

"நீ பொய் சொல்லலை அம்சா. கேக்காததைச் சொல்லலை, அவ்ளோதான்."

"யாருங்க கேப்பா? நிகம் ஸாப் என்னைக் கூப்பிட்டு, ஏம்மா துணிக்கு மஞ்சள் வச்சியான்னு கேப்பாரா?"

"அந்தப் பொம்பளை வேற எடத்துல வேலை தேடிக்கும். தில்லியில தைக்கிறவங்களுக்கா பஞ்சம்?"

"கறுப்புப் பட்டியல்ல போட்டப்புறம் எங்க தேடும்?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். வேண்டுமானால் கொஞ்சம் ஆறப் போடு, ரத்து மட்டும் போதும், பட்டியல் வேண்டாம் என்று எழுதிப் பார், என்றார். அது அவருக்குத் தெரிந்த வழி. கனிமொழி பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"மம்மி, நீ எழுதின நோட் பர்ஃபெக்டா இருந்துச்சுன்னு சொன்னே இல்ல? அதுல பேரை மட்டும் மாத்து. அவ்ளோதான்."

"போடி ஜல்தி, காலேஜுக்கு லேட்டாகுது," என்றார் கலியமூர்த்தி.

அந்த வாரம் முழுக்க அம்சவேணி நோட்டீசை எழுத உட்கார்ந்தாள். 'உரிமம் பெற்றவர்' என்று தொடங்குவாள். அதற்கு மேல் கை ஓடாது. தன் குறிப்பைத் திரும்பப் படித்தாள். எவ்வளவு தெளிவு. எவ்வளவு கோபம். ஒரு இழை கூடவும் கூடாது என்று தொலைபேசியில் சொன்ன குரலும் நினைவுக்கு வந்தது. கம்லேஷ் அன்று கேட்க வந்தது இந்தப் புள்ளியைத்தான். கேட்க விடாமல் அடித்தவள் தான்தான். வெள்ளிக்கிழமை மலை மந்திர் முருகன் கோயில் வாசல் வரை போனாள். உள்ளே போக மனம் வராமல், படியில் செருப்பைக் கழற்றாமலேயே திரும்பிவிட்டாள்.

கூட்டம் பதிவாளரின் அறையில் நடந்தது. பதிவாளர், நிகம், பல்கலைக்கழகத்தின் வக்கீல், ஓரத்தில் அம்சவேணி. கம்லேஷ் தன்னிடம் வேலை செய்யும் ஒரு வயதான பெண்ணைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு வந்திருந்தாள்.

வக்கீல் இரண்டு சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோச்சிங் சென்டர் வழக்கை விளக்கினார். பதிவாளர் கறையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இது சமையல் மஞ்சள் போல இருக்கிறதே, என்றார்.

"பரோட்டா சாப்பிட்ட கையோட தொட்டிருப்பாங்க. வீட்டு வாசல்ல வச்சுத் தைக்கிறவங்ககிட்ட வேலை கொடுத்தா இப்படித்தான்."

வக்கீலும் சிரித்தார். துணைக்கு வந்த வயதான பெண் தன் கைகளை மடியில் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். கம்லேஷின் முகம் சிவந்தது.

"நாங்க கை கழுவாம துணியைத் தொடறதில்ல ஸாப். வேலை ஆரம்பிச்சா சாயந்தரம் வரைக்கும் யாரும் எதுவும் சாப்பிடறதில்ல. நீங்க உரிமத்தை எடுத்துக்குங்க. எங்க கையைச் சொல்லாதீங்க."

நிகம் அம்சவேணி பக்கம் திரும்பி, நோட்டீசைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

அம்சவேணி எழுந்தாள். மேஜைக்கு வந்து, கம்லேஷின் சாம்பிளைத் தன் பக்கம் இழுத்தாள். வலது கையின் மோதிர விரலைக் கறையின் மேல் வைத்தாள். விரல் அதில் அப்படியே பொருந்தியது.

"இது என் விரல் சார். எங்க வீட்டுல நான் வச்ச மஞ்சள். முத்திரை வைக்கிறதுக்கு முன்னாடி வச்சேன். அவங்ககிட்டப் போகும்போதே இது இருந்துச்சு."

ஏன் வைத்தீர்கள் என்று பதிவாளர் கேட்டார். புதுத்துணிக்கு வைப்போம், என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எங்கள் வீட்டிலும் உண்டு, கல்யாணத் துணிக்கு வைப்பார்கள், என்று வக்கீல் மெதுவாகச் சொன்னார். பிறகு, ஆனால் முத்திரை வைக்கிற மாதிரியில் யாரும் வைக்க மாட்டார்கள், என்றும் சொன்னார்.

நிகம் வெகு நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கு உங்க மேஜையிலயே தெரியும் சார்."

"அப்புறமும் இந்தப் பொண்ணை மோசடிக்காரின்னு நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டு நின்னீங்களா?"

கம்லேஷ் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. வயதான பெண்ணைக் கைபிடித்து எழுப்பி, வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றே முடிவாகிவிட்டது. கம்லேஷின் உரிமம் அப்படியே இருக்கும். விழாவுக்கு முன்னால் அத்தனை அங்கவஸ்திரத்திலிருந்தும் அந்த வட்டம் எடுக்கப்பட வேண்டும். அதற்கான கூலியைப் பல்கலைக்கழகமே கொடுக்கும். இனி எந்த மாதிரியும் அலுவலகத்தை விட்டு யார் வீட்டுக்கும் போகக் கூடாது. அம்சவேணி விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். விழா முடிந்ததும் அவள் விடுதிப் பிரிவுக்கு மாற்றல். பதவி உயர்வுக் குழு கூடும், அதில் அவள் பெயர் இருக்காது.

பறவையைப் பதிவு செய்ய அலைந்தது, நான்கு மாதம் உயிரைக் கையில் பிடித்துக் காத்திருந்தது, எல்லாம் இனி வேறு ஒருவர் மேஜைக்குப் போகும். அன்று மாலை கலியமூர்த்தி தானே டீ போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். சர்க்கரை அதிகமாக இருந்தது. அவள் குடித்தாள்.

சனிக்கிழமை காலை அம்சவேணி மெட்ரோ பிடித்தாள். ஜனக்புரி மேற்கில் மாறி உத்தம் நகரில் இறங்கினாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுச் சந்துக்குள் நடந்து, மாடியேறினாள். கம்லேஷின் கூடத்தில் பெண்கள் தரையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அங்கவஸ்திரங்கள் குன்று போலக் கிடந்தன. சின்னக் கத்தரிக்கோல்களால் மஞ்சள் நூலை வெட்டி, ஊசி முனையால் கெல்லி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த இடத்தில் துளைகள் தெரிந்தன. ஒரு பெண் அதில் நீராவி இஸ்திரியை வைத்துத் தேய்க்க, துளைகள் மெல்ல மூடிக்கொண்டன.

அம்சவேணி வாசலில் நின்றாள். கம்லேஷ் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நானும் எடுக்கறேன்," என்றாள் அம்சவேணி.

"மேடம் மாதிரி ஆளுங்க இதெல்லாம் செய்ய மாட்டாங்க. கண்ணு வலிக்கும்," என்றாள் கம்லேஷ், நிமிராமலேயே.

"வலிக்கட்டும்."

கம்லேஷ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அந்த உரத்த குரல் முதன்முறையாக அம்சவேணியிடம் இறங்காமல் வந்தது.

"நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா மேடம்ஜி, நான் இவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய், நாளையிலேர்ந்து வேலை இல்லன்னு சொல்லியிருக்க மாட்டேன். என் பொண்ணு என்னைக் கேட்டா, அம்மா நீ திருடினியான்னு. அதுக்கு என்ன செய்வீங்க?"

அம்சவேணி தலை குனிந்து நின்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அந்தக் கேள்விக்கு முன்னால் அது மிகச் சின்னதாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். துணைக்கு வந்திருந்த அந்த வயதான பெண்தான் ஒரு கத்தரிக்கோலைத் தரையில் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு வந்து அம்சவேணியின் முழங்காலில் இடித்து நின்றது.

பின்பக்கத்திலிருந்து வெட்டுங்க, முன்பக்கம் வெட்டினா துணி கிழியும், என்றாள் கிழவி.

வேலை ஓடியது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பெண்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். யாரோ ஒருத்தியின் மாமியாரைப் பற்றி யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கம்லேஷ் மட்டும் சிரிக்கவில்லை. வெகு நேரம் கழித்து, கையிலிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்.

"எதுக்கு வைப்பீங்க அதை?"

"போட்டுக்கறவங்க நல்லா இருக்கணும்னு."

கம்லேஷ் நூலை இழுத்தாள். மஞ்சள் இழை நீளமாக உருவிக்கொண்டு வந்தது.

"அப்ப இத்தனை பேருக்கு வச்சதை நாமளே உக்காந்து எடுக்கறோமே. அதுக்கு என்ன கணக்கு?"

கம்லேஷ் குன்றிலிருந்து இன்னொரு அங்கவஸ்திரத்தை உருவி, அம்சவேணியின் மடியில் போட்டாள். அம்சவேணி அதைத் திருப்பி, பின்பக்கத்து முடிச்சைத் தேடினாள்.